காலை ரயிலும் எட்டு வாரப் பயிற்சியும்

மூச்சு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் மாற்ற முயலாமல் கவனிப்பது. கவனம் வேறு எங்கோ போய்விட்டது என்று தெரிந்ததும் அலுத்துக்கொள்ளாமல் அதை மறுபடி மூச்சுக்குக் கொண்டுவருவது. மைண்ட்ஃபுல்னெஸ் என்ற பெயரில் உலகெங்கும் பரவியிருக்கும் முழுக்கவனப் பயிற்சியின் அடிப்படை இவ்வளவுதான். மூச்சுக்குப் பதிலாகக் காலடி, காதில் விழும் ஓசை, தோளில் உள்ள இறுக்கம், மனத்தில் ஓடும் எண்ணம் என எதையும் எடுத்துக்கொள்ளலாம். இது மன அழுத்தத்தை எவ்வளவு குறைக்கும், எங்கே குறைக்காது என்பது பற்றி 1979 முதல் ஏராளமான ஆய்வுகள் சேர்ந்திருக்கின்றன. பெருங்களத்தூர் போன்ற ஒரு சென்னைப் புறநகரின் அன்றாடத்தில் வைத்துப் பார்த்தால் அவற்றின் பயனும் எல்லையும் தெளிவாகத் தெரியும். அங்கே அழுத்தம் சின்னச் சின்ன அவசரங்களாக, தினமும், கிட்டத்தட்ட அதே நேரத்துக்கு வருகிறது.

தாம்பரத்தை அடுத்து, செங்கல்பட்டு மார்க்கத்தில் வரும் முதல் நிலையம் பெருங்களத்தூர். தனிப் பேரூராட்சியாக இருந்தது, 2021இல் புதிதாக அமைந்த தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. கிண்டிக்கும் பாரிமுனைக்கும் வடக்கே போகிறவர்களும், மறைமலைநகர், மகிந்திரா சிட்டி என்று தெற்கே போகிறவர்களும் காலையில் ஒரே நேரத்தில் ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்து சேருகிறார்கள். கடற்கரை – தாம்பரம் தடத்தில் 1931இலேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் இன்றும் வண்டிகளில் பல தாம்பரத்தோடு திரும்பிவிடுகின்றன. ஒரே ஒரு நிலையம் தள்ளி இருப்பவர் செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ தாம்பரம் போய் அங்கே இடம் பிடிக்க வேண்டும். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கும்வரை, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய இரவுகளில் தென்மாவட்ட பஸ்களுக்காகப் பெருங்கூட்டம் இங்கேதான் சாலையோரத்தில் மூட்டை முடிச்சோடு நின்றது. இதே தடத்தில் இரண்டு நிலையம் தள்ளி உள்ள சானடோரியத்தில் 1928இல் டாக்டர் சவுரிமுத்து காசநோய் மருத்துவமனை தொடங்கியபோது, நல்ல காற்றும் ஓய்வும் தேடி நோயாளிகள் வந்த வட்டாரம் இது என்பதை இன்றைய நெரிசலில் நின்றுகொண்டு நம்புவது கஷ்டம்.

ரயில் பயணத்தின் அழுத்தத்தை உமிழ்நீரில் அளந்து பார்த்தவர்கள் உண்டு. கேரி எவன்ஸ், ரிச்சர்ட் வெனர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், நியூஜெர்சியிலிருந்து மன்ஹாட்டனுக்கு தினமும் ரயிலில் வேலைக்குப் போகும் 208 பேரைச் சோதித்து 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பயண நேரம் நீள நீள, உமிழ்நீரில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனின் அளவும் கூடியிருந்தது. வண்டி எப்போது வரும், எப்போது போய்ச் சேரும் என்று கணிக்க முடியாத பயணம் கூடுதலாகப் படுத்துகிறது என்பதை அவர்களுடைய இன்னோர் ஆய்வு காட்டியது. 2007இல் வந்த முடிவு இன்னும் சுவையானது. பெட்டியில் மொத்தம் எத்தனை பேர் என்பது அவ்வளவாகப் பாதிப்பதில்லை. பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்காருபவர்தான் அழுத்தத்தை ஏற்றுகிறார். மூன்று பேர் இருக்கையில் நான்காவதாக ஒருவர் 'கொஞ்சம் தள்ளி உட்காருங்க' என்று வந்து உட்காரும்போது எழும் எரிச்சலுக்கு ஆய்வு ஆதாரம் உண்டு என்று சொல்லிக்கொள்ளலாம்.

அப்போது உடலுக்குள் நடப்பது என்ன? நடைமேடையில் வண்டி வந்து நிற்கிறது; ஆள் இன்னும் படிக்கட்டில் பாதியில் இருக்கிறார். மூளையின் அமிக்டலா இதை ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. ஹைப்போதலாமஸ் வழியாகப் பரிவு நரம்புகள் முடுக்கிவிடப்பட்டு, சில நொடிகளில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் தள்ளிப்போடப்படுகிறது. எதிர்த்து நிற்பதற்கோ தப்பி ஓடுவதற்கோ உடல் தயாராகும் இந்த நிலையை உடலியலாளர் வால்டர் கேனன் 1915இல் விவரித்தார். அடுத்ததாக, மெதுவான இன்னொரு சங்கிலி தொடங்குகிறது. ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்ட, பிட்யூட்டரி சிறுநீரகங்களின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பிகளைத் தூண்ட, கார்டிசால் இரத்தத்தில் கலக்கிறது. இது உச்சத்தைத் தொட 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதாவது பெருங்களத்தூரில் ஓடிப்போய் ஏறியவருக்கு, பரங்கிமலையை நெருங்கும்போதுதான் கார்டிசால் உச்சத்தில் இருக்கும். அதற்குள் அவர் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தே போயிருக்கலாம்.

எப்போதாவது ஒருமுறை நடந்தால் இதில் கெடுதல் ஒன்றும் இல்லை. உடல் தானாகத் தணிந்துவிடும். தணிவதற்கு முன்பே அடுத்தது வந்தால்தான் தொல்லை. நீடித்த அழுத்தம் உடலுக்குள் பொதுவான மாற்றங்களை உண்டாக்குவதை ஹான்ஸ் செல்யே 1936இல் எழுதினார். திரும்பத் திரும்ப முடுக்கிவிடப்படுவதால் இதயத்துக்கும் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கும் மூளைக்கும் சேரும் தேய்மானத்தைப் புரூஸ் மெக்கீவன் 1993 முதல் விளக்கினார். இதில் அதிகம் கவனிக்கப்படாத பங்கு மனத்துடையது. வண்டி போய்விட்டது. அது ஒரு நிகழ்வு, அதோடு முடிந்தது. ஆனால் மேனேஜர் என்ன சொல்வார், நேற்றும் லேட்டாகத்தானே போனோம், காலையில் அந்த ஃபோன் வராமல் இருந்திருந்தால் பிடித்திருக்கலாமே என்று எண்ணம் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் அமிக்டலா மறுபடி சற்று விழித்துக்கொள்கிறது. நிகழ்வு ஒருமுறைதான், உடல் அதைப் பத்து முறை அனுபவிக்கிறது.

மனம் இப்படி அலைவது எவ்வளவு சாதாரணம் என்பதை மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் 2010இல் அளந்து காட்டினார்கள். ஐபோன் செயலி மூலம் 2250 பேரிடம் அவ்வப்போது 'இப்போது என்ன செய்கிறீர்கள், எதை நினைக்கிறீர்கள், எப்படி உணர்கிறீர்கள்' என்று கேட்டதில், 46.9 சதவீத நேரம் மனம் செய்யும் வேலையில் இல்லை. அலையும் நேரங்களில் மகிழ்ச்சியும் குறைவாக இருந்தது. என்ன வேலை செய்தார்கள் என்பதைவிட, மனம் எங்கே இருந்தது என்பதுதான் அவர்களுடைய மகிழ்ச்சியை நன்றாகக் கணித்தது.

முழுக்கவனப் பயிற்சி வேலை செய்யும் இடம், நிகழ்வு முடிந்த பிறகு மனத்தில் ஓடும் இந்த இரண்டாம் பாதி. வண்டியின் தாமதத்தையோ வேலைப் பளுவையோ அது தொடுவதில்லை. தாமதத்துக்குப் பிறகு மனம் ஓட்டும் சுற்றுகளைக் குறைக்கிறது. இந்தப் பாகுபாட்டை மறந்துவிடுவதால்தான் இந்தத் துறையில் இத்தனை மிகைப்பேச்சு.

சுற்றுகள் எப்படிக் குறைகின்றன? குறிப்பிட்ட வேலை ஏதும் இல்லாதபோது, மூளையில் நெற்றிப் பகுதியின் நடுவிலும் பின்பக்கத்திலும் உள்ள சில பகுதிகள் ஒன்றாகச் சேர்ந்து இயங்குகின்றன. 'நான், என்னுடையது, எனக்கு என்ன ஆகும்' என்ற கதையைப் பின்னுவதில் இந்த வலைப்பின்னலுக்குப் பெரும் பங்கு உண்டு. நீண்டகாலம் தியானம் பழகியவர்களிடம் தியானத்தின்போது இதன் இயக்கம் குறைந்திருந்ததை ஜட்சன் ப்ரூவரின் குழு 2011இல் பதிவு செய்தது. பயிற்சியில் மிகவும் பயன்படும் நொடி, கவனம் மூச்சில் நிற்கும் நொடி அல்ல. அது நழுவிவிட்டதைக் கண்டுகொள்ளும் நொடி. பத்து நிமிடத்தில் நாற்பது முறை மனம் ஓடி, நாற்பது முறை திரும்பி வந்தால், நாற்பது முறை பயிற்சி நடந்தது என்று பொருள். 'எனக்கு மனசு ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை, இது எனக்குச் சரிப்படாது' என்று பாதியில் விட்டுவிடுபவர்கள் இதைத்தான் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதும் உதவுகிறது. கோபமான முகங்களைப் பார்க்கும்போது அந்த உணர்ச்சியை ஒரு சொல்லால் குறித்தவர்களின் அமிக்டலா இயக்கம் தணிந்ததை மேத்யூ லீபர்மனின் குழு 2007இல் கண்டது. எரிச்சல் எழும்போது மனத்துக்குள் 'எரிச்சல்' என்று சொல்லிக்கொள்வது வெறும் சடங்கல்ல என்பது இதனால் தெரிகிறது. மூச்சுக்கும் தனி வழி உண்டு. மூச்சு உள்ளே வரும்போது இதயத்துடிப்பு சற்றுக் கூடும். வெளியே போகும்போது, வேகஸ் நரம்பின் செயலால் குறையும். ஓய்வில் உள்ள பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். அது ஆறு முறைக்கு இறங்கும்போது இந்த ஏற்ற இறக்கம் நன்றாக விரிகிறது. ஆனால் மூச்சை வேண்டுமென்றே மெதுவாக்குவது பிராணாயாமம். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் முதல் இன்றைய யோகா வகுப்புகள்வரை தமிழருக்குப் பழக்கமானது அதுதான். முழுக்கவனப் பயிற்சியில் மூச்சை ஆள்வதில்லை. வேகமாக ஓடினால் வேகமாக ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதோடு சரி. இரண்டும் நல்லவைதான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

இந்தப் பயிற்சி பௌத்தத்திலிருந்து வந்தது. ஆனால் இன்றைய வடிவத்தை அது அடைந்த பாதையில் துறவிகளுக்கு இணையாக அலுவலகக்காரர்களும் இருக்கிறார்கள். விடுதலை பெற்ற பர்மாவின் தலைமைக் கணக்காயராக இருந்த ஊ பா கின், தம் அலுவலகத்து ஊழியர்களுக்கே தியானம் சொல்லிக்கொடுத்தார். ஃபைல்களுக்கு நடுவில் கற்பிக்கப்பட்ட தியானம் அது. மாண்டலேயில் 1924இல் பிறந்த இந்திய வணிகர் எஸ்.என். கோயங்கா, தீராத ஒற்றைத் தலைவலியோடு 1955இல் அவரிடம் வந்தார். தலைவலிக்கு மருந்தாக மட்டும் நினைத்து வருவதானால் வர வேண்டாம் என்று ஊ பா கின் முதலில் திருப்பி அனுப்பினார் என்பதைக் கோயங்காவே பலமுறை சொல்லியிருக்கிறார். 1969இல் இந்தியா வந்த கோயங்கா கற்பிக்கத் தொடங்கிய பத்து நாள் விபாசனா முகாம்கள் பின்னர் பல நாடுகளுக்குப் பரவின. 1994இல் டெல்லி திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளுக்கு ஒரே முகாம் நடந்தது.

அந்த மரபின் சென்னை மையமான தம்ம சேது, தாம்பரத்துக்கு அருகில், திருநீர்மலைப் பக்கம் பழந்தண்டலம் சாலையில் இருக்கிறது. அங்கே விடியற்காலை 4 மணிக்கு மணி அடிக்கும். கைப்பேசியை முதல் நாளே ஒப்படைத்துவிட வேண்டும். பேச்சு கிடையாது. ஒரு நாளில் ஏறக்குறைய பத்து மணி நேரம் உட்காருவது, முதல் மூன்று நாள் மூக்கு நுனியில் மூச்சு படும் இடத்தை மட்டும் கவனிப்பது, பிறகு உடல் முழுவதும் எழுந்து மறையும் உணர்வுகளைக் கவனிப்பது என்று போகும். கட்டணம் இல்லை, முன்பு பயின்றவர்களின் நன்கொடையில் நடக்கிறது. பலருக்கு இதுவே முதல் வாசல். ஆனால் பத்து நாள் லீவு கிடைக்காதவருக்கும் கைக்குழந்தை உள்ள தாய்க்கும் இது எட்டாது.

அவர்களுக்குப் பொருந்தும் வடிவம் மருத்துவமனையில் உருவானது. மூலக்கூறு உயிரியல் படித்த ஜான் கபாட் ஜின், 1979இல் ஒரு விபாசனா முகாமில் இருந்தபோது தோன்றிய யோசனையை, அதே ஆண்டு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் செயல்படுத்தினார். தீராத வலியோடும் அழுத்தத்தோடும் வந்த நோயாளிகளுக்கு, மதச் சாயல் இல்லாத எட்டு வாரப் பயிற்சி அது. வாரம் ஒருமுறை இரண்டரை மணி நேர வகுப்பு, வீட்டில் தினமும் 45 நிமிடம், இடையில் ஒரு முழு நாள். முதல் வகுப்பிலேயே ஓர் உலர்திராட்சையைக் கையில் கொடுப்பார்கள். அதன் சுருக்கங்களைப் பார்த்து, விரலால் தடவி, முகர்ந்து, நாக்கில் வைத்து, கடித்து, ஐந்து நிமிடம் அந்த ஒன்றையே தின்ன வேண்டும். டிபன் பாக்ஸை லேப்டாப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காலியானதுகூடத் தெரியாமல் சாப்பிடுகிறவர்களுக்கு இது ஒரு சின்ன அதிர்ச்சி.

பலன் எவ்வளவு? 2014இல் மாதவ் கோயல் குழுவினர் 47 ஆய்வுகளை, மொத்தம் 3515 பேரின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகிய மூன்றிலும் எட்டு வாரத்தில் ஓரளவு முன்னேற்றம் இருந்தது. பதற்றத்துக்கு விளைவின் அளவு 0.38, சிறிது என்பதற்கும் நடுத்தரம் என்பதற்கும் இடையில் வரும். உடற்பயிற்சி, மருந்து, மற்ற நடத்தைச் சிகிச்சைகளைவிட மேலானது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 2022இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் ஹோஜ் குழு, பதற்றக் கோளாறு உள்ள 276 பேரைப் பிரித்து, ஒரு பகுதிக்கு எட்டு வாரப் பயிற்சியும் மற்றப் பகுதிக்கு எஸ்சிட்டலோபிராம் மாத்திரையும் கொடுத்தது. ஏழு படி கொண்ட அளவுகோலில் பயிற்சி பெற்றவர்களுக்கு 1.35, மருந்து எடுத்தவர்களுக்கு 1.43 படி நோய் குறைந்தது; கிட்டத்தட்ட சமம். மனச்சோர்வு மீண்டும் வராமல் தடுப்பதற்கென இதிலிருந்து பிறந்த இன்னொரு சிகிச்சை முறையில், 2000இல் ஜான் டீஸ்டேல் குழு கண்ட பலன் இன்னும் தெளிவானது. மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு வந்தவர்களிடம், மறுபடி நோய் தாக்கும் விகிதம் 66 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 40 சதவீதமாக இறங்கியது.

கைகொடுக்காத இடங்களும் பதிவாகியிருக்கின்றன. பிரிட்டனில் 85 பள்ளிகளில் 8000க்கும் அதிகமான மாணவர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு, வழக்கமான பாடங்களைவிடக் கூடுதல் பலன் இல்லை என்று 2022இல் முடிந்தது. விருப்பமில்லாத பிள்ளைகளை உட்கார வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று தோன்றுகிறது. பலர் வீட்டில் பயிற்சியே செய்யவில்லை. எட்டு வாரத்தில் மூளையின் சாம்பல் பொருள் வளரும் என்று 2011இல் வந்த செய்தி இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த ஆய்வில் பயிற்சி பெற்றவர்கள் வெறும் 16 பேர். அதிகம் பேரை வைத்து விஸ்கான்சின் பல்கலைக்கழகம் மறுபடி சோதித்தபோது, 2022இல், அப்படி ஒரு மாற்றமும் தென்படவில்லை.

வேலை நாளில் இதற்கு இடம் எங்கே கிடைக்கும்? காலை ஐந்து மணிக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, மூன்று டிபன் பாக்ஸ் கட்டிவிட்டு ஓடுகிறவரிடம் 45 நிமிடம் கண்ணை மூடச் சொல்வதில் அர்த்தமில்லை. நாளின் இடுக்குகளே அவருக்கான இடம். நடைமேடையில் நிற்கும்போது இரண்டு பாதங்களும் தரையில் அழுந்துவதைக் கவனிக்கலாம். வண்டியில் கைப்பிடியைப் பற்றியிருக்கும்போது, தோள் காதுவரை ஏறியிருப்பது தெரிந்தால் இறக்கலாம். தாம்பரத்தில் கூட்டம் ஏறி அடங்கியதும் மூன்று நிமிடப் பயிற்சி ஒன்றைச் செய்யலாம்: முதலில் இப்போது மனத்திலும் உடலிலும் என்ன இருக்கிறது என்று பார்ப்பது, அடுத்து மூச்சை மட்டும் பார்ப்பது, பிறகு கவனத்தை முழு உடலுக்கும் விரிப்பது. மனச்சோர்வுக்கான சிகிச்சையில் இந்த மூன்று நிமிடம் ஒரு முக்கிய அங்கம். இருசக்கர வண்டிக்காரர் ஜி.எஸ்.டி. சாலையில் கண்ணை மூடவே கூடாது; இரும்புலியூரில் வண்டிகள் நகராமல் நிற்கும்போது, ஹேண்டில்பாரை இறுக்கிய விரல்களைத் தளர்த்துவதும் ஹாரன் சத்தத்தை வெறும் சத்தமாகக் கேட்பதும் போதும்.

வீட்டுவேலையும் பயிற்சியாகலாம். ஃபுளோரிடாவில் 51 கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினரைச் சோப்பின் வாசனை, வெந்நீரின் சூடு, பாத்திரத்தின் வழுவழுப்பு ஆகியவற்றைக் கவனித்தபடி பாத்திரம் கழுவச் சொன்னார்கள். அவர்களிடம் படபடப்பு 27 சதவீதம் குறைந்தது. 2015இல் வந்த இது மிகச் சிறிய ஆய்வு. தினமும் இரண்டு வேளை தேய்ப்பவருக்கு அதே விளைவு கிடைக்குமா என்பது வேறு கேள்வி. அந்த வேலையை வீட்டில் எல்லாரும் பங்கிட்டுக்கொண்டால் அழுத்தம் நிச்சயம் குறையும், அதற்கு ஆய்வு வேண்டியதில்லை.

கைப்பேசியைப் பொறுத்தவரை, கவனத்தைப் பயிற்றுவதோடு அதைக் கலைப்பதையும் குறைக்க வேண்டும். கோஸ்டாடின் குஷ்லெவ், எலிசபெத் டன் இருவரும் 124 பேரை ஒரு வாரம் மின்னஞ்சலை நாளுக்கு மூன்று முறை மட்டும் பார்க்கச் சொன்னார்கள். கணக்கில்லாமல் பார்த்த வாரத்தைவிட அந்த வாரத்தில் அழுத்தம் குறைவாக இருந்ததை 2015இல் எழுதினார்கள். ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எதைப் பழகினாலும் ஏற்கெனவே உள்ள ஒரு செயலோடு முடிந்துவைப்பது நல்லது. புதுப் பழக்கம் ஒன்று தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆவதையும், ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள்வரை மாறுவதையும் லண்டனில் பிலிப்பா லாலி 2010இல் கண்டார். சீசன் டிக்கெட்டில் தினமும் அதே வண்டியில் போகிறவருக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி: நினைவுபடுத்த அலாரம் தேவையில்லை, வண்டி தாம்பரத்தில் நிற்பதே போதும்.

பயிற்சி எல்லாருக்கும் பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது. மிகேல் ஃபரியாஸ் குழு 83 ஆய்வுகளை 2020இல் அலசியபோது, தியானம் செய்தவர்களில் ஏறக்குறைய 8 சதவீதம் பேருக்குப் பதற்றம், மனச்சோர்வு போன்ற வேண்டாத விளைவுகள் ஏற்பட்டிருந்தன. பழைய அதிர்ச்சி உள்ளவர்களுக்குக் கண்ணை மூடி உட்காரும்போது அந்த நினைவுகள் கட்டுப்பாடின்றி எழலாம். மனச்சிதைவு போன்ற நோய் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நீண்ட மௌன முகாம்களுக்குப் போகக் கூடாது. நிறுவனங்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டை அப்படியே வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை மதியம் அரை மணி நேரம் தியான வகுப்பு நடத்தினால், அழுத்தத்தின் காரணம் ஊழியரின் மனம்தான் என்று சொல்வதாக ஆகிவிடும்.

தூக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, காரணமில்லாத அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலோ, அது மூச்சுப் பயிற்சியால் கடக்க வேண்டிய கட்டம் அல்ல. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. சிகிச்சையில் நிலை தேறிய பிறகு மருத்துவரின் யோசனையோடு பயிற்சியைத் தொடங்கலாம். டீஸ்டேல் குழுவின் சிகிச்சை முறையும் மனச்சோர்வு தணிந்து நலமாக இருந்தவர்களிடம்தான் சோதிக்கப்பட்டது.